மூன்றாவது பெட்டிக்காரர்களுக்கு ஒரு பெயர்

1. முதல் நாள் பாடம்

உளவுப் பிரிவுக்கு ஏட்டாக மாற்றலாகித் தாம்பரம் வந்த முதல் நாளே எங்கள் இன்ஸ்பெக்டர் என்னை எதிரே நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

“நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா, அதுக்கு என்ன பேர்னு ரிப்போர்ட்ல முதல் வரியிலேயே எழுதணும் ஏட்டு. சங்கம்னா ரிஜிஸ்டர் ஆயிருக்கான்னு பாரு. மன்றம்னா சினிமாக்காரனுக்குப் போஸ்டர் ஒட்டற பசங்க, விட்டுடு. சபான்னா கச்சேரி. கழகம்னா என்னைக் கேக்காம எழுதாத. குழுன்னு எழுதினா நான் கண்ணு வைப்பேன். கும்பல்னு எழுதினா வேன் வரும்.”

எனக்கு இந்த வேலை பொருந்திப் போனது. வீட்டில் காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால், மனைவி என்ன கேட்கப் போகிறாளோ என்று யோசிக்கிறவன் நான்.

2. புகார்

எமர்ஜென்ஸி நாட்கள் அவை. டீக்கடையில் மூன்று பேர் சேர்ந்து சிரித்தால்கூட நான்காவது ஆள் திரும்பிப் பார்ப்பான். அப்போது துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒருவன் எங்களிடம் வந்தான். காலையில் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் மூன்றாவது பெட்டியைப் பற்றி அவனுக்குக் குறை.

“டெய்லி அதே ஆளுங்க சார். கர்ச்சீப் போட்டு எடத்தப் புட்ச்சி வெச்சிகினு, குசுகுசுன்னு பேசிகினு கீறானுங்க. கிட்டப் போனா வாய மூடிக்கிறானுங்க. பேஜாரா கீது சார்.”

இவனுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அதுதான் எரிச்சல் என்று எனக்கு உடனே புரிந்தது. ஆனாலும் புகார் புகார்தான். மறுநாள் மஃப்டியில் ஏறினேன்.

அவன் சொன்னது பொய்யில்லை. ஜன்னலோரம் எதிரெதிர் இருக்கைகளில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். நடுவில் வரதராஜன் என்ற கனத்த ஆள். அவர்தான் தலைவர்போல் இருந்தார். ஜன்னல் பக்கம் தேவசகாயம் என்று ஒரு பெரியவர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு. நான் நெருங்கியதும் பேச்சு நின்றது.

“சார், இங்க ஆள் வராங்க” என்றார் வரதராஜன்.

“எல்லா ஸ்டேஷன்லயும் ஆள்தான் வருவாங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

குரோம்பேட்டை தாண்டியதும் வரதராஜன் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். அரசாங்க ஃபைல். அதைத் தேவசகாயத்தின் காதோடு காதாக வாசித்தார். பெரியவர் முணுமுணுவென்று ஏதோ சொல்ல, இன்னொருவர் அதை எழுதிக்கொண்டார். சர்க்கார் ஃபைல் ஓடுகிற ரயிலில் கைமாறுகிறது! ‘கும்பல்’ என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது.

3. கோட்டை ஸ்டேஷன்

கோட்டையில் அவர்கள் இறங்கும்போது, பெரியவரின் முகத்தை நேராகப் பார்த்துவிட வேண்டும் என்று வேண்டுமென்றே குறுக்கே போய் நின்றேன். வரதராஜனின் தோளில் கை வைத்தபடி வந்தவர் என்மேல் மோதினார்.

“மன்னிச்சுக்கோம்மா” என்றார்.

எனக்கு மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. ஸ்டேஷனில் அதற்குத் தனி மரியாதை. நான் அவர் கண்களைப் பார்த்தேன். அவை என் காதுப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன.

வரதராஜன் என்னை ஓரமாக இழுத்தார். “நீங்க அவர் ஆபீஸ்லேர்ந்துதானே வேவு பாக்க வந்திருக்கீங்க?”

“இல்ல. போலீஸ்.”

“போலீஸா? அப்பாடா!” என்றார் அவர். என் சர்வீஸில் அந்தச் சொல்லைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவர் அவர் ஒருவர்தான்.

விஷயம் இதுதான். தேவசகாயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. ஆபீசுக்குத் தெரிந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, குறைந்த பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருக்கிறார்கள். சர்வீஸ் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான். அதுவரை ஆபீசில் அவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் மாலையில் ஃபைலைக் கொடுத்தனுப்ப, இவர்கள் காலையில் ரயிலில் வாசித்துக் காட்டுவார்கள். அவர் சொல்லச் சொல்ல டிராஃப்ட் தயாராகிவிடும். கைபிடித்து ஆபீஸ் படி ஏற்றுவதும் இவர்கள் பொறுப்பு.

“உங்களுக்கெல்லாம் என்ன பேர்? சங்கமா?” என்றேன்.

“பேரா? சீசன் டிக்கெட்காரங்க சார், வேற என்ன” என்றார் வரதராஜன்.

4. முதல் வரி

உண்மையை எழுதினால் அது மேலே போய், அங்கிருந்து தேவசகாயத்தின் ஆபீசுக்கும் போகும். நன்றாக யோசித்து ‘பஜனை கோஷ்டி’ என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “குசுகுசுன்னு பேசறவன் எப்படிய்யா பஜனை பண்ணுவான்? நாளைக்கு நானே வரேன்.”

அன்று சாயங்காலமே சேலையூரில் வரதராஜன் வீட்டுக்கு ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எங்கள்ல ஒருத்தனுக்கும் பாட வராதே சார்!” அங்கே திண்ணையில் உட்கார்ந்திருந்த தேவசகாயம் மட்டும் கலங்கவில்லை. “நான் சர்ச் கொயர்ல பாடினவன். மெட்டைச் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் இன்ஸ்பெக்டர் வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். வரதராஜன் “கோவிந்தா” என்று ஆரம்பித்தார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டிய மாதிரி இருந்தது. பிறகு தேவசகாயம் சேர்ந்துகொண்டார். கணீரென்ற அந்தக் குரலில் பெட்டியே அடங்கிப் போனது. இன்ஸ்பெக்டர் பெரியவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

சைதாப்பேட்டையில் இறங்கினோம். ரயில் நகர்ந்த பிறகு இன்ஸ்பெக்டர் சொன்னார்: “பாட்டு சுமார்தான். கண்ணு தெரியாத அந்தப் பெரியவர் மட்டும் நல்லாப் பாடறார்.”

“ஐயா...” என்று இழுத்தேன்.

“கோஷ்டின்னே இருக்கட்டும். ஆனா ஒரு ஜால்ரா வாங்கச் சொல்லு. இல்லேன்னா வேற எவனாவது சந்தேகப்படுவான்.”

அந்த மனிதர் இரக்கப்பட்டுத்தான் விட்டாரா, சமயம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாரா என்று நான் ரொம்ப நாள் தூக்கம் கெட்டேன். கடைசிவரை ஒன்றும் நடக்கவில்லை. தேவசகாயம் முழுப் பென்ஷனோடு மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தத் துணிக்கடை ஆள்தான் மறுபடி வந்தான், ஜால்ரா சத்தம் தாங்கவில்லை என்று.

இப்போது இந்த வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படுவதை விடாதீர்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் நாலு பேர் கூடினால் யாருக்கு எதிராகக் கூடினார்கள் என்று மட்டுமே கேட்க நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். யாருக்காகக் கூடினார்கள் என்பதையும் கேட்டுவிட்டு, அப்புறம் முதல் வரியை எழுதுங்கள்.