சிரிப்பு வில்லனின் கொப்பி

1997 மார்ச் 15, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. காற்றே இல்லாத வெயில். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் மண்டபத்தில் மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுழன்றது. பாட்டுக் கொப்பியை வெள்ளவத்தை வீட்டில் மறந்துவிட்டேன். மகனுக்குத் தொலைபேசி எடுத்து, கொண்டுவரச் சொன்னேன்.

இத்தாலிய இசைநாடகங்களில் அடிக்குரல்காரனுக்குப் பல வேளைகளில் சிரிப்பு வில்லன் வேடம்தான் வாய்க்கும். எனக்குக் கிடைத்தவன், தன் பொறுப்பில் வளரும் பெண்ணைச் சொத்துக்காகக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் கிழவன். கோபம் ஏற ஏறப் பாட்டு வேகமெடுக்கும். ஒரே மூச்சில் நாற்பத்தெட்டு அசை. சிரிக்கவைக்க முயலாதே, உண்மையாகவே கோபப்படு என்பாள் பியானோ வாசித்த பறங்கிப் பெண்மணி.

இங்கிலிஷ் எழுத்தில் குறில் நெடில் தெரியாது என்பதால் இத்தாலியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருந்தேன். ஒவ்வோர் அசைக்கு மேலும் தாளத்துக்கு ஓர் இலக்கம். மூச்செடுக்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி.

ஐந்தரைக்குப் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சோதனைச்சாவடியில் மகனின் பையைத் திறந்திருக்கிறார்கள்.

போனபோது கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. எழுத்து தமிழ்தான், ஆனால் ஒரு சொல்கூடத் தமிழில்லை, இலக்கங்கள் வேறு என்று தமிழ் வாசிக்கத் தெரிந்த கான்ஸ்டபிள் அதிகாரிக்கு விளக்கியிருந்தார். புலிகளின் இரகசியச் செய்தி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். இருபது வயது மகன் சப்பாத்துக் கழற்றப்பட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

பாட்டு என்றேன். பாடிக் காட்டச் சொன்னார்கள். பயத்தில் குரல் கீச்சென்று வந்தது, நம்பவில்லை. மகனின் வெறுங்காலைப் பார்த்தேன். கோபம் வந்தது, அடிக்குரலும் வந்தது, கைவிரல் தானாக உயர்ந்து ஆடியது. சிரித்தார்கள்.

"ஆயெத் கியன்ன, அங்கிள்!" இன்னொருமுறை பாடு என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

மறுபடி பாடினேன். பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டார்கள். எல்லாமாக ஆறு தடவை. மகன் ஒருமுறையும் தலையை நிமிர்த்தவில்லை.

ஏழேகாலுக்கு விட்டார்கள். பஸ்ஸில் கேட்டான்:

"ஏனப்பா தமிழில எழுதினனீங்கள்?"

"அப்பதான் உச்சரிப்புச் சரியா வரும், தம்பி."

"ஓம், நல்லாத்தான் வந்தது. அவங்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள்."

வெள்ளவத்தையில் இறங்கியபின் சொன்னான்: "நான் இனி இங்க இருக்கமாட்டன். என்னை வெளிய அனுப்புங்கோ."

வேடத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் கேட்டது அதையல்ல. ஏழு மாதம் கழித்துக் கனடாவுக்குப் போனான். ஏஜென்சிக்காரனுக்கு மூன்று தவணை, விமானச் சீட்டு, குளிர்ச்சட்டை எல்லாம் சேர்த்து நாலு லட்சத்து எழுபத்தாறாயிரத்து இருநூறு ரூபாய்.