வத்தலக்குண்டுக்கு மேலே

செல்லூரில் எங்கள் எதிர்வீட்டு முத்துமீனா அக்காவுக்குச் சொந்த ஊர் டி. கல்லுப்பட்டி. ஆனால் புகுந்த வீட்டுச் சொந்தத்தில் பாதிப் பேர் அவளை வத்தலக்குண்டுக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வத்தலக்குண்டில் எந்தத் தெரு என்று அவளிடமே கேட்டுவிட்டார். அக்கா பாயசத்தை எடுத்துக் குடித்தாள்.

அந்தப் பேரை வைத்தது நாத்தனார் கனகா. அக்காவின் வீட்டுக்காரர் சிவபாண்டி அண்ணன் சொந்தமாக வேன் வைத்துச் சவாரி ஓட்டுபவர். வருஷத்துக்கு ஒரு நாள், கோடை லீவில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவார். விடியக்காலம் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு. அக்காவுக்கு மலைப்பாதை ஆகாது. கல்யாணமான புதிதில் வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, பாதி மலையில் துவண்டு விழுந்து, வண்டியையே திருப்பும்படி ஆகிவிட்டது. அதன் பிறகு எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தாள். சீட்டில் நியூஸ்பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்தும் பார்த்தாள். பேப்பர்மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று எங்கள் பக்கம் சத்தியமே பண்ணுவார்கள். எதுவும் கேட்கவில்லை. கடைசியில் மலை அடிவாரத்துக்கு முன்னால் வத்தலக்குண்டில் அவளாகவே இறங்கிக்கொள்ள ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை டீக்கடை பெஞ்சு, திரும்பி வரும்போது அதே வேன்.

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிவபாண்டி அண்ணன் கெட்டவரில்லை. மேலேயிருந்து அவளுக்குப் பிளம்ஸும் கேரட்டும் வாங்கி வருவார். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். எல்லாம் மனசுதான், நானும் தினம் மலை ஏறுறேன், ஒரு ஏப்பமாவது வந்திருக்கா என்பார். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே அக்கா என்னிடம் சொன்னாள்:

"எனக்கு ஏரியப் பாக்கணும்னுகூட இல்லடி. எல்லாரும் பாத்துட்டு இறங்கி வாரத நான் கீழ இருந்து பாக்குறேன் பாரு, அது தாங்க முடியல. ஒரு தடவையாச்சும் மேல போயி நிக்கணும்."

அக்கா வேலை பார்ப்பது விசைத்தறிப் பட்டறையில். துண்டு பண்டல் ஏற்றிப்போக முதலாளி ஒரு குட்டியானை வண்டி வைத்திருந்தார். அதை ஓட்டியவன் திருப்பூர் போய்விட, நான் கற்றுக்கொள்கிறேன் என்று இவள் முன்னால் வந்தாள். திருமங்கலம் பஸ்ஸில் உட்கார்ந்தாலே முகம் வெளிறிப்போகிறவள், டிரைவிங் பள்ளி வண்டியில் சந்து பொந்தெல்லாம் சுற்றிவிட்டுத் தெளிவாக இறங்கினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வயிறு சொன்னபடி கேட்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பண்டல் ஏற்றி மதுரை முழுக்க ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அதையும் மலையையும் சேர்த்து யோசிக்க எங்களில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

இந்த வருஷம் வேனில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. வத்தலக்குண்டில் வடையும் டீயும் ஆயிற்று. அண்ணன் வழக்கம்போல, யாரையும் கேட்காமல், அக்காவின் பையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். அக்கா அந்தப் பையை எடுத்து உள்ளே எறிந்துவிட்டு, சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சாவியக் குடுங்க. இன்னைக்கு நான் ஓட்டுறேன். முடியலைன்னா நானே நிறுத்திட்டு இறங்கிக்கிறேன்."

விளையாடாதீங்க மதினி என்று கனகா பதறினாள். அண்ணன் மகளைப் பார்த்தார். ஆர்த்திகா கல்லூரிக்குப் போகிற பெண். அம்மாகிட்ட லைசென்ஸ் இருக்குல்லப்பா என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். நடுரோட்டில் பேச்சை வளர்க்க அண்ணனுக்கு மனசில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

செக்போஸ்ட்டில் ஆர்த்திகா போனில் இ-பாஸைக் காட்டினாள். மலை ஆரம்பித்தது. அக்கா வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, நிதானமாகத் திருப்பினாள். அண்ணன் பின்னாலிருந்து பாடம் நடத்தினார். ரெண்டாவது போடு, பஸ் வருது, உள்ள வாங்கு என்று ஒரே சத்தம். டம் டம் பாறை தாண்டியதும் சத்தம் நின்றுவிட்டது. மனிதர் ஒப்புக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

"மீனா, ஓரங்கட்டு" என்றார் திடீரென்று.

என்ன தப்புப் பண்ணினேன் என்று அக்கா எரிந்து விழுந்தாள். திரும்பிப் பார்த்தால் அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

அகலமான இடம் பார்த்து அக்கா நிறுத்தினாள். அவர் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடித்த டீ வரைக்கும் எடுத்துவிட்டார். டீக்கடை வடையில் என்னவோ கோளாறு என்றாள் கனகா. அதே வடையைத்தான் நாங்களும் தின்றிருந்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் மலை ஏறிய மனிதர், ஒரு தடவைகூடப் பின்னால் உட்கார்ந்து ஏறியதில்லை.

அக்கா அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, முகம் கழுவத் தண்ணீர் விட்டு, முந்தானையால் துடைத்தாள். அண்ணன் அப்படியே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"இம்புட்டு நாளும் நீ இதத்தான் பட்டியா?" என்று கேட்டார்.

"இதேதான்" என்றாள் அக்கா.

மீதித் தூரத்தைத் தானே ஓட்டுவதாக அவர் கெஞ்சிப் பார்த்தார். அக்கா கொடுக்கவில்லை. மகளைப் பின்னால் அனுப்பிவிட்டு அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, ரோட்டையே பாருங்க, நான் மெல்லப் போறேன் என்றாள். சொன்னபடி மெல்லவே போனாள்.

ஏரிக்கரை நிறுத்தத்தில் ரிவர்ஸ் எடுத்து வண்டியை ஒரே மூச்சில் நிறுத்தினாள். இறங்கியதும் மூடுபனிக்குள் இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தாள். "வந்துட்டேன்டி" என்றாள் என்னிடம். அப்புறம் அதையே ஆர்த்திகாவிடமும் கனகாவிடமும் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது, சந்தோஷத்தில்தான். கனகாகூட அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாந்திக்குப் பயந்து, மலைக்குப் புறப்படும் நாளிலெல்லாம் அக்கா பச்சைத்தண்ணியோடு கிடந்தவள். இப்போது கடை முன்னால் நின்று எல்லாருக்கும் சூடாக மிளகாய் பஜ்ஜி போடச் சொன்னாள். அண்ணன் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அதையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கடைசிப் பஜ்ஜி வரை ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள்.