நாற்பத்தொன்றின் கன்று

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். இப்போதும் பகலில் சிரிப்பேன். ஆனால் 1994 மார்ச் பதினெட்டாம் தேதி அதிகாலை இரண்டு நாற்பதுக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பு வராது. இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்.

நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் எங்கள் பண்ணை. நூற்றெண்பது மாடுகள். மாடுகள் ஈனத் தொடங்கிவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் முழுத் தூக்கம் கிடையாது. தலையீற்றுக் கிடேரிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தாக வேண்டும். நள்ளிரவு முறை என் கணவர் க்ளேட்டனுக்கு. நான்கு மணி முறை மாமனார் எர்வினுக்கு. இரண்டு மணி முறையை நான்தான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

"ஒமாஹா டவுன்ல பால் டப்பா படத்துல மாட்டைப் பாத்தவ நீ. உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றார் மாமா. கல்யாணமான நாளிலிருந்து இதே கேலி. அந்த ரோஷத்தில்தான் போனேன்.

பதினேழாம் தேதி அதிகாலை. கடுங்குளிர். தொழுவத்துக்கு வெளியே வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது மணி இரண்டு நாற்பது.

உள்ளே ஓடினேன். நாற்பத்தொன்றாம் எண் கிடேரி ஈன்றிருந்தது. கன்றின் மூக்கைச் சவ்வு மூடியிருந்தது. பக்கத்தில் ஆள் இருந்து ஒரு விரலால் வழித்துவிட்டிருந்தால் போதும், பிழைத்திருக்கும். சவ்வைக் கிழித்தேன். நெஞ்சைத் தேய்த்தேன். மூக்குக்குள் வைக்கோலை விட்டுக் குடைந்தேன். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. உயிர் இல்லை.

நான்கு மணிக்கு மாமா வந்தார். "செத்தே பொறந்துச்சு மாமா" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்துவிட்டது.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த மாதத்தில் அது மூன்றாவது செத்த கன்று. மந்தையில் நோய் புகுந்திருந்தால் மாடுகளை விற்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். கால்நடை மருத்துவரை மறுநாள் வரச் சொன்னார். அவர் அறுத்துப் பார்க்கட்டும் என்று உடலை வெளியே பனியில் போட்டுவைத்தார்.

அதற்கு முன் அதன் உடம்புத் தோலை மட்டும் உரித்தெடுத்தார். தாயை இழந்த கன்று ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு அந்தத் தோலைச் சட்டைபோலப் போர்த்திக் கட்டினார். தன் கன்றின் வாசனை என்று நம்பிப் பசு பால் கொடுக்கும். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். நாற்பத்தொன்றும் முகர்ந்து பார்த்து நக்கிக் கொடுத்தது.

அன்று முழுக்க மாமா ஒரு வாய் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை கிட்டப் போனேன். சொல்லாமலே திரும்பி வந்தேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

பதினெட்டாம் தேதி. இரண்டு கடிகாரங்களில் மணி வைத்து எழுந்தேன். சரியாக இரண்டு மணிக்குத் தொழுவத்தில் இருந்தேன். மற்ற கிடேரிகளைப் பார்த்து முடிக்க 2:35 ஆயிற்று. கடைசியாக நாற்பத்தொன்றின் அடைப்புக்கு வந்தேன்.

ம்ம்ம்... ம்ம்ம்...

பசு தொண்டைக்குள் முனகிக்கொண்டிருந்தது. புதுக் கன்றிடம் மட்டும் பேசும் முனகல் அது. அப்பாடா, ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன்.

எட்டிப் பார்த்தேன். தோல் போர்த்திய கன்று என் காலடி மூலையில் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டிப் போயிருந்தது.

பசு எதிர் மூலையில் நின்றது. அங்கே வேறு எதுவும் இல்லை.

சப்... சப்... சப்...

பால் குடிக்கிற சத்தம்.

மடி எகிறி எகிறி விழுந்தது. கன்று முட்டினால் எகிறுமே, அப்படி. காம்பில் நுரை. கீழே கன்று இல்லை.

2:40. விளக்கு அணைந்தது.

சத்தம் நின்றது.

சரக்... சரக்... வைக்கோலில் ஏதோ நடந்து வந்தது.

என் விரல்களை ஒரு வாய் கவ்விச் சப்பியது. ஜில்லென்ற வாய்.

தாயில்லாக் கன்றுதான்... பசி பாவம்... என்று மனதைத் தேற்றிக்கொண்டு மறுகையால் தடவினேன்.

நெற்றியில் ரோமம். காது. கழுத்து...

கழுத்துக்குக் கீழே தோல் இல்லை.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று எனக்குத் தெரியாது. க்ளேட்டன் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அடைப்பில் ஒரே ஒரு கன்று, அதன் மேல் தோல் கட்டினபடியே. செத்த கன்று போட்ட இடத்தில் பனியில் விறைத்துக் கிடக்கிறது. கனவு கண்டிருப்பாய், தூங்கு என்றார்.

காலை பத்து மணிக்கு மருத்துவர் ஹோல்செக் வந்தார். கல்லாகக் கிடந்த உடலை ரம்பம் வைத்து அறுத்தார். நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி வெந்நீர் வாளியில் போட்டார். உறைபனி இளகியதும் அது அடியில் போய் உட்கார்ந்தது.

"மூச்சு விட்டிருந்தா மிதக்கும். இது வெளிய வந்து ஒரு மூச்சுகூட விடல, எர்வின்."

மாமா வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"நோய் இல்ல மாமா. மூக்கை சவ்வு மூடியிருந்துச்சு. நான் வண்டியில தூங்கிட்டேன்."

சொல்லிவிட்டேன். திட்டட்டும், அடிக்கட்டும் என்று தலைகுனிந்து நின்றேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மருத்துவர் அதற்குள் இரைப்பையைக் கீறியிருந்தார். கத்தி அப்படியே நின்றிருந்தது.

"குழாய் வச்சு யாராச்சும் பால் ஊத்துனீங்களா?" என்று கேட்டார்.

யாரும் ஊற்றவில்லை. வழிந்த பால் பனியில் பரவியது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.