சனிக்கிழமைத் தேதியிட்ட முளை

என் மேசை இழுப்பறையில் ஒரு மரமுளை கிடக்கிறது. முழங்கை நீளம், ஒரு முனை கூர், மறுமுனையில் ஆரஞ்சு நிற நாடா. அதன் தட்டையான பக்கத்தில் கறுப்பு மையில் ஒரு சனிக்கிழமையின் தேதி, என் கையெழுத்தில். அந்தத் தேதியை நான் எழுதியது செவ்வாய்க்கிழமை. இது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் இப்போது இல்லை.

மெல்பர்னின் கிழக்கு விளிம்பில், மண்ணையும் ஓடைகளையும் காக்கும் ஒரு வட்டார அமைப்பில் நான் கள அதிகாரி. அம்மாவுக்கு இது என்ன உத்தியோகம் என்று விளங்கவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஓடையின் குறுக்கே எவரும் அனுமதி இல்லாமல் எதையும் கட்டக்கூடாது. கட்டினால் அகற்றச் சொல்லி ஆணையிடலாம். ஒருவரின் நிலத்துக்குள் போக எழுத்தில் முன்னறிவிப்புத் தர வேண்டும். ஆபத்து கண்ணெதிரே நின்றால் மட்டும் நேரே நுழையலாம். இதெல்லாம் அதிகாரம். கடமை என்று எங்கள் அலுவலகத்தில் முதல் நாளே சொல்லித் தந்தது ஒன்றுதான்: ஆபத்தைக் கண்டால் அன்றைக்கே நிலத்துக்காரரிடம் சொல்லி, நீர்மட்டத்தில் ஒரு முளை அடித்து, அதில் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டுகிறவள் நான். இந்த வேலை எனக்கென்றே செய்தது என்று நினைத்திருந்தேன்.

நான் அங்கிள் என்று கூப்பிட்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பர்னின் கிளேட்டன் பகுதியில் படித்த இரண்டு வருடமும் அவர் வீட்டுப் பின்னறையில்தான் வாடகைக்கு இருந்தேன். வாடகை என்பது பேச்சுக்குத்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தாலும் குசினியில் எனக்கென்று ஒரு தட்டில் சோறு மூடியிருக்கும். அவர் மனைவி, எனக்கு அன்ரி, இறந்துபோன பிறகு, மகளும் சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியேறிவிட, அவர் நகரத்துக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கினார். "ஓடை ஓடுது பிள்ளை, என்ர காணிக்குள்ள!" என்று போனில் கத்தினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் சொதியும் ஆனபிறகு, கை துடைத்த துணியோடே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஓடையின் குறுக்கே என் உயரத்துக்கு மேல் ஒரு மண்ணணை. பொக்லைன் பிடித்துத் தானே நின்று கட்டியிருக்கிறார். அணைக்குப் பின்னால் தண்ணீர் குளம்போல் நின்றது. "எங்கட ஊரில ஆறே இல்லைப் பிள்ளை. மழைத் தண்ணியை மறிச்சு வைச்சாத்தான் கிணறு உப்பாகாமல் இருக்கும். இஞ்ச என்னெண்டா எல்லாத்தையும் சும்மா ஓட விடுறாங்கள். பாத்தியே, என்ர காணியில ஒரு சொட்டும் வீண்போகாது." புண்ணியம் செய்துவிட்ட முகம் அவருக்கு.

நான் பார்த்தது வேறு. மிச்சத் தண்ணீர் வழிந்து போக அணையில் ஒரு வாய்கூட இல்லை. அடிப்பக்கத்தில் ஏற்கெனவே ஈரம் கசிந்திருந்தது. கீழே ஓடை வளைகிற இடத்தில் ஒரு வீடு, முற்றத்தில் சின்னப்பிள்ளைகளின் இரண்டு சைக்கிள். அணை உடைய ஒரு பெருமழை போதும். வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கு அங்கிள்" என்றுதான் வந்தது. அவர் சோற்றைத் தின்ற கை காய்வதற்குள் எப்படிச் சொல்வது? நாளைக்குப் போனில் சொல்லலாம் என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு போனை எடுத்து எடுத்து வைத்தேன். திங்கள், மறுநாள் மாலை கனமழை என்று வானிலை அறிக்கை வந்தது. கண்ணை மூடினால் அந்தச் சைக்கிள்கள்தான். செவ்வாய் காலை என் மேலாளர் முன்னால் போய் நின்று எல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: நிலத்துக்காரரிடம் சனிக்கிழமையே எச்சரித்தாயா? ஆமாம் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. பயம் சொன்னது.

மதியம் அலுவலகச் சட்டையோடு, ஆட்களோடும் இயந்திரத்தோடும் போய் இறங்கினேன். அங்கிள் வாசலில் நின்றார். ஆணையைக் கையில் கொடுத்தேன். படித்தார். "நீ அண்டைக்கே சொல்லியிருந்தா நானே வெட்டி விட்டிருப்பன் பிள்ளை" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். முளையை அடித்தேன். மேலாளர் கேட்பார் என்ற நடுக்கத்தில் அதில் சனிக்கிழமைத் தேதியை எழுதினேன். நிமிர்ந்தால் அங்கிள் என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தூறல் விழும்போது அணையில் ஒரு பக்கம் வெட்டித் தண்ணீரை மெல்ல மெல்ல விட்டோம். கீழ் வீட்டு முற்றம் நனைந்ததோடு சரி.

ஆனால் கோப்பு நின்றுவிடவில்லை. அனுமதியில்லாமல் கட்டியது ஒரு குற்றம். எச்சரித்த பிறகும் அகற்றாமல் விட்டது அதைவிடப் பெரியது. எழுபது வயதில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றம் வந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை போதும், என் வேலை போகும். வேலையோடு கட்டிய விசாவும் போகும். அதிகாரி உங்களிடம் சனிக்கிழமை சொன்னாரா என்று கேட்டார்கள்.

"ஓம்" என்றார். பிறகு ஆங்கிலத்தில், சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் எழுந்து நிற்கவில்லை. அவருக்கு அபராதம் விதித்தார்கள். வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றியபடி "சாப்பிட்டனியோ?" என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்று ஒரு பொய் சொன்னேன்.

அதன்பிறகும் பல சனிக்கிழமைகள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். அவர் அதைப்பற்றி ஒருநாளும் பேசவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றே ஒவ்வொரு முறையும் போய், கை கழுவிவிட்டு வந்தேன். போன வருடம் அவரும் போய்விட்டார். நிலத்தை விற்க வந்த மகள் என்னையும் உதவிக்குக் கூப்பிட்டாள். கொட்டகையில், மண்வெட்டிகளுக்குப் பின்னால், அவர் இடுப்பில் உடுத்திய பழைய சாரத்தில் சுற்றி இந்த முளை இருந்தது. ஓடைக்கரையிலிருந்து அவரே பிடுங்கி வைத்திருக்கிறார். வெயிலில் நின்றிருந்தால் மை எப்போதோ வெளுத்திருக்கும்.

"இது உங்கட கையெழுத்தெல்லே அக்கா? அப்பா ஏன் இதைக் கவனமா வைச்சிருந்தவர்?" என்று மகள் கேட்டாள்.

"தெரியலம்மா" என்றேன்.