முன்கண்ணாடி ஒன்றோ, இரண்டோ?

தர்மு அண்ணை மாரடைப்பில் போய்விட்டார் என்று போனில் சொன்னபோது, "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்றுதான் முதலில் கேட்டேன். அவரைப் பற்றி எந்தக் கதை வந்தாலும் கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் அப்படிக் கேட்டே பழகிவிட்டோம். உண்மை என்று தெரிந்த பிறகு குசினிக் கதிரையில் இருந்து அழுதேன்.

எங்களோடு தொழிற்சாலையில் பெட்டி கட்டியவர்களுக்கு அவருடைய இரண்டு கேள்விகளும் மறந்திருக்காது. புதிதாக ஒரு தமிழ் ஆள் வேலைக்கு வந்தால் போதும், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் போய் இருந்துவிடுவார். "ஊரில உங்கட வீட்டில மொறிஸ் மைனர் நிண்டதோ?" ஓம் என்றால் அடுத்தது: "முன்கண்ணாடி ஒண்டோ, இரண்டோ?" பாதிப் பேருக்கு அகதி வழக்கு முடியாத காலம் அது. ஊரில் கார் வைத்திருந்தவர் யார் என்று ஒருவர் விசாரித்துத் திரிந்தால் சும்மா விடுவோமா? ஊர்ச் சண்டையில் அந்தப் பக்கத்து ஆள் என்றார்கள் சிலர். இந்தப் பக்கத்து ஆள் என்றார்கள் வேறு சிலர். குடிவரவுக்காரருக்கு வேலை செய்கிறார் என்று எனக்கு ஒரு எண்ணம். என்னிடம் கேட்டபோது, "எங்கட வீட்டில சைக்கிள்தான் நிண்டது" என்றேன். அது உண்மை. அவர் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

ஸ்ரௌவ்வில்லில் என் தங்கை வீடு வாங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போவதை அறிந்து, தானும் வரலாமா என்று கேட்டார். ஏன் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலையிடி. அங்குள்ள பூங்காவில் பழைய கார்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்களாம், அவ்வளவுதான். நானும் கூடவே போனேன், என்ன செய்கிறார் என்று பார்க்க.

பச்சை நிறத்தில் ஒரு மொறிஸ் மைனர் நின்றது. நான் அழகாயிருக்கிறது என்றேன். "கண்ணாடியைப் பாத்து நம்பாதை பிள்ளை. பொனற்றைத் திறக்கவேணும்," என்றார். உரிமையாளரான வெள்ளைக்காரக் கிழவர் ஒரு கையைக் கார்க் கதவிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பொனற்றைத் திறந்தார். அவருக்கும் எங்களில் சந்தேகம். என்ஜினை ஓட்டச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "தொள்ளாயிரத்து நாப்பத்தெட்டு சிசி. ஒற்றைக் கண்ணாடி வந்த காலத்துச் சொந்த என்ஜின்தான்," என்றார் தர்மு அண்ணை. ஏனோ அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை.

"அப்ப உங்கட கார் என்ன மாதிரி?" என்று கேட்டேன். அதுவரை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை போலும்.

"என்ரது முதல் வந்த இனம். முன்கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில கம்பி. அந்தப் பக்கவால்வு என்ஜின் தொள்ளாயிரத்துப் பதினெட்டு, ஏத்தத்தில மூச்சு வாங்கும். பிறகு எண்ணூற்றி மூண்டு வந்தது, அதுவும் சோணங்கி. என்ர தம்பி யோகன் கடைசியா வந்த ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டை எங்கயோ தேடிக் கொண்டந்து பூட்டினவன். கிழவன்ர உடம்பு, பெடியன்ர நெஞ்சு. அப்பிடி ஒண்டு வேற இல்லை பிள்ளை. அதிலதான் ஆக்களை ஏத்திக்கொண்டு வவுனியாவுக்கு ஹயர் போனவன். காரும் வரேல்லை, அவனும் வரேல்லை."

"தம்பியைப் பற்றி நேர கேட்டிருக்கலாமே?"

"காணாமல்போனவனைப் பற்றிக் கேட்டால் சனம் வாயை மூடிப்போடும். காரைப் பற்றிக் கேட்டால் கதைக்கும் எண்டு நினைச்சன்."

வீடு திரும்பும்போது, தம்பி என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா என்று யோசித்தேன். என் குணம் அப்படி.

செத்தவீட்டன்று மண்டபத்தின் கோப்பி மேசையடியில் ரவி நின்றார். எங்களோடு கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு யூனியன்வில் பக்கம் போனவர்.

"என்னட்டையும் கேட்டவர் அக்கா. கார் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். ஆரெண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?"

"இருந்ததோ?"

"இருந்தது. அப்பா வவுனியாவில வாங்கினவர். இரண்டு துண்டுக் கண்ணாடி, ஆனா ஏத்தத்தில புதுக் கார் மாதிரி இழுக்கும். அது ஏனெண்டு அப்பாவுக்கே விளங்கேல்லை."

கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்தேன். பின்னால் பெட்டிக்குள் தர்மு அண்ணை கிடந்தார்.

"ஆரிட்டை வாங்கினவர்?"

ரவி சுற்றிவரப் பார்த்தார். "ஏன் அக்கா கேக்கிறியள்?"

காரணத்தைச் சொன்னேன். அப்பாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி ஜக்கெற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டு போனார். இன்னும் சொல்லவில்லை. சொல்வார் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை.

தர்மு அண்ணையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி. ஆனால் அவரைப்போல் சுற்றிவளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. யோகன் என்று ஒருவர், மொறிஸ் மைனர் ஒன்றில் வவுனியாவுக்குப் போனார். முன்கண்ணாடி இரண்டு துண்டு, என்ஜின் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு. உங்களில் யாராவது கண்டீர்களா? ஏன் கேட்கிறேன் என்பதை இந்த முறை முதலிலேயே சொல்லிவிட்டேன்.