கௌரி அக்கா திறந்து பார்த்த சுவர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்து குளிர்ச்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளி ராகவன் சார் அறையிலிருந்து வெளியே வந்து, "கௌரி போயிட்டாங்கம்மா, ஆஸ்பத்திரியில," என்றார். சட்டையைக் கழற்றுவதா, திரும்பப் போடுவதா என்று தெரியாமல் நின்றேன்.

கௌரி அக்கா அவர்கள் எங்களோடு வேலை செய்த கட்டடக் கலைஞர். கொழும்பில் படித்து, ரொறன்ரோவில் பரீட்சைகளைத் திரும்ப எழுதி லைசன்ஸ் எடுத்தவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் தனியே இருப்பேன். அவர் வந்து எதிரே உட்கார்ந்து, "கதைக்கத் தேவையில்லை. எனக்கும் பசி," என்பார்.

லைசன்ஸ் உள்ளவர்களும் தொடர்ந்து படிக்க வேண்டும், சூழலைக் கெடுக்காமல் கட்டும் முறைகளையும் அறிய வேண்டும் என்று புது விதி வந்தது. பலர் கையெழுத்து வைக்கவும் கோப்பி குடிக்கவும் வகுப்புக்குப் போனார்கள். அக்கா முன்வரிசையில் இருந்தார். நானும் கூடப் போனேன்.

ஒரு வகுப்பில் விரிவுரையாளர், வெப்பத்தைச் சேமிக்கச் சுவரின் வெளிப்புறம் நுரைப்பலகையும் உட்புறம் பிளாஸ்ரிக் விரிப்பும் போட்டால் நடுவில் ஈரம் அகப்பட்டுப் பூஞ்சணம் பிடிக்கலாம், அது மூச்சுக்குக் கேடு என்றார். அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார். மோர்னிங்சைட் பகுதியில் நடராசா அங்கிளின் புது வீட்டுக்கு அவர் வரைபடம் கீறிக் கொடுத்தது அதே சுவர். அதோடு ஒட்டித்தான் அங்கிளுடைய பேத்தியின் கட்டில்.

மறுநாள் அக்கா இதைச் சொன்னதும் ராகவன் சார் கோபப்பட்டார். "கிளாஸுக்கு அனுப்பினது லைசன்ஸுக்கு. வீட்டுக்காரருக்கு போன் பண்ண இல்ல. பண்ணீங்கன்னா இனிமே உங்களுக்கு வீடு வரையுற வேலை கிடையாது, கௌரி."

அக்கா அவர் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தார்.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். நடராசா அங்கிள் வாசலிலேயே தொடங்கிவிட்டார். "தங்கச்சி, ஆக்கள் வீடு கட்டத்தான் உங்களைக் கூப்பிடுறவை. நீர் உடைக்க வாறீர்!"

"உடைச்சுப் பாத்திட்டு முந்தின மாதிரியே பூசித் தாறன், அண்ணை."

கட்டிலை இழுத்துவிட்டுச் சுவரில் ஒரு சதுரம் வெட்டினார். நான் டோர்ச் பிடித்தேன். உள்ளே மரம் காய்ந்து, புதிதாக இருந்தது. ஒரு புள்ளியும் இல்லை.

"உதுக்குத்தானே இவ்வளவு?" என்றார் அங்கிள்.

"ஓம் அண்ணை. ஒண்டுமில்லை," என்று சொல்லி அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராகவன் சார் சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு அக்காவுக்குக் கடைகளின் கழிப்பறைகளும் கதவு அளவுகளும்தான் வந்தன. ஊருக்குள் கதையும் பரவியது. எங்கள் அம்மாகூட, "சும்மா இருந்த சுவரை உடைச்ச ஆளோ?" என்று கேட்டார். நான் அறைக்குள் போய்விட்டேன்.

அக்காவுக்கு நோய் கண்ட பிறகு ஆஸ்பத்திரியில் அவரிடமே கேட்டேன். "ஈரம் இல்லையெண்டு தெரிஞ்சிருந்தா போன் பண்ணியிருப்பீங்களோ, அக்கா?"

"தெரிஞ்சிருந்தா நான் ஏன் பண்ணப்போறன்? தெரியாதபடியாத்தானே பண்ணினது," என்றார். களைத்திருந்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பதில் எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஒரு காய்ந்த சுவருக்காக அவர் வீடு வரையும் வேலையை இழந்தாரா, அல்லது நான் எதையோ தவறவிடுகிறேனா?

செத்தவீடு முடிந்து இரண்டொரு நாளில் ராகவன் சார் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் வேலையை என்னிடம் தந்தார். "அதே சுவர் போடும்மா. அங்க ஒண்ணும் ஆகலியே."

"இங்கையும் ஆகாதோ, சார்?"

"அது யாருக்கும்மா தெரியும்?" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

அக்கா, நீங்கள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் பதில் இல்லை. ஆனாலும் நேற்று வோபர்ன் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சுவரைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்," என்று தொடங்கினேன். "சொல்லும் பிள்ளை," என்று அவர் காத்திருந்தார். "உள்ளுக்கு ஈரம் பிடிக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. அதுதான் எடுத்தனான்," என்றேன்.

போய் வாருங்கள், அக்கா.