எப்போதாவது ஓட்டுபவர்

காப்புறுதி நிறுவனத்தின் பதிவில் யோகராணி ‘எப்போதாவது ஓட்டுபவர்’. அதே காரின் ‘முதன்மை ஓட்டுநர்’ அவருடைய கணவர் பேரின்பநாதன். பேரின்பநாதன் காரை வாராவாரம் கழுவுவார், கண்ணாடிகளைத் துடைப்பார், விருந்துகளில் அதன் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்வார். ஓட்டத்தான் மாட்டார். கையால் கியர் மாற்றும் காருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. சிவப்பு விளக்கிலிருந்து புறப்படும்போது அது இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுவிடும். ஆகவே முதன்மை ஓட்டுநர் ரொக்ஸ்பரோவிலிருந்து ரயிலில் வேலைக்குப் போனார். எப்போதாவது ஓட்டுபவர் விடியமுன் எழும்பி, கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, தினமும் டோர்வல் விமானநிலையத்துக்கு ஓட்டிப்போய் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கினார்.

இரண்டாயிரத்து ஐந்தின் கோடையில் யோகராணியின் அண்ணன் இரவிச்சந்திரன் லண்டனிலிருந்து வருவதாக இருந்தது. இருவரும் நேரில் பார்த்து இருபது வருடமாகியிருந்தது. “நான் வந்து ஏத்துறன்” என்று யோகராணி தொலைபேசியில் சொன்னதும் மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புக் கேட்டது.

“நீயோ? கார் ஓடுறியோ? அதுவும் கியர் காரோ? அப்ப நான் ரக்சியிலை வாறன் பிள்ளை. எனக்கு ரெண்டு பெடியள் இருக்கினம்.”

யோகராணி தொலைபேசியை வைத்தார். நான்தான் ஏற்றப் போகிறேன் என்று மனதுக்குள் எழுதி ஒட்டிவிட்டார்.

காருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில், வளைவுகளில் முன்சக்கரத்தருகே ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கியது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, ஆக்சில், போய்விட்டது. அண்ணன் வரும் சனிக்கிழமை காலை பேரின்பநாதனின் நண்பர் கிருபானந்தன் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து புதிய ஆக்சிலோடு வந்து சேர்ந்தார். கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்பது ஊர் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை முதலில் வெளியிட்டவரும் அவர்தான்.

அவரைக் குறைசொல்லவும் முடியாது. மாடிக்குடியிருப்பின் பின்புறம் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பழைய ஆக்சிலைச் சுத்தமாக உருவினார். கூடவே கியர்பெட்டியிலிருந்து எண்ணெய் மளமளவென்று கொட்டியது. போன கிழமை பிறந்தநாள் விருந்துக்குச் சோறு வந்த அலுமினியத் தட்டை அதன் கீழே தள்ளிவிட்டு, புதிய ஆக்சிலைப் பூட்டி, சக்கரத்தையும் மாட்டினார். பிறகு முன்மூடியைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார்.

“ஒயில் முட்ட நிக்குது மச்சான். இனிப் பயமில்லை.”

அது இயந்திரத்து எண்ணெய்க்கான கம்பி. கிருபானந்தனின் சொந்தக் கார் தானாகக் கியர் மாற்றுவது; அதில் கியர்பெட்டிக்கென்றும் ஒரு கம்பி இருந்தது. இதில் இருந்ததோ ஒன்றுதான். ஒன்றே எல்லாவற்றையும் அளக்கும் என்று அவர் முடிவுசெய்திருந்தார்.

சக்கரங்களுக்குக் கீழே வைக்க நாலு எலுமிச்சம்பழங்களோடு யோகராணி இறங்கி வந்தார். விமானநிலையத்துக்கென்று மயில்கழுத்து நிறச் சேலை. குனிந்தவரின் கண்ணில் அந்த எண்ணெய்த் தட்டுப் பட்டது.

“அப்ப இது ஆரின்ரை ஒயில்?”

“அது பழசு அக்கா.”

“பழசெண்டாலும் உள்ளுக்கை இருந்ததுதானே. இவ்வளவு வெளியிலை வந்திருக்கு. உள்ளுக்கை என்ன போனது?”

ஆண்கள் இருவரும் தட்டைப் பார்த்தார்கள். அது நிறைந்திருந்தது.

“ஆக்சில் வித்த கடைக்காரனைக் கேளுங்கோவன்” என்றார் யோகராணி.

“கேட்டா எங்களுக்கு ஒண்டும் தெரியாதெண்டு நினைப்பான்” என்றார் பேரின்பநாதன்.

“அது சரிதானேயப்பா?”

கிருபானந்தன் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். “ஏன் கரைச்சல்? நான் என்ரை காரிலை போய் உங்கடை அண்ணரை ஏத்திக்கொண்டு வாறன். அவரும் அலுங்காமல் வருவார்.”

“ஓம், வாங்கோ போவம். விமானநிலையத்துக்கு இல்லை, கடைக்கு.”

யோகராணியின் பிரெஞ்சு விமானச் சமையல்கூடத்தில் கற்றது. தள்ளு, பிடி, கெதியாய் வா, ஊற்றாதே என்பதற்கு மேல் அதில் அதிகமில்லை. எண்ணெய் ஊற்ற அதுவே போதும் என்று தெரியவந்தது. ‘பொஞ்சூர்’ என்று வணக்கம் சொல்லிவிட்டு, உருவுவதையும் ஒழுகுவதையும் கையால் செய்து காட்டினார். கடைக்காரர் சிரிக்காமல் விளக்கினார். இந்தக் கியர்பெட்டிக்குக் கம்பியே கிடையாது. பக்கவாட்டில் ஒரு திருகாணி இருக்கிறது. அதைக் கழற்றி, அந்தத் துளையால் வழியும்வரை ஊற்ற வேண்டும். கார் மட்டமாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் வழிவதை நம்ப முடியாது. எண்ணெய்ப் போத்தல்களையும் ஒரு மெல்லிய குழாயையும் கொடுத்தனுப்பினார்.

“வழிய வழிய ஊத்துறதோ?” கிருபானந்தனுக்கு மனம் கேட்கவில்லை. “வீணாப் போகுமே.”

“தைப்பொங்கலுக்கு உங்கடை வீட்டிலை என்ன செய்யிறனீங்கள் அண்ணை?”

அவர் போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினார்.

காரை மட்டமாக நிறுத்த ஜாக்கியை இறக்கினார்கள். இறக்கியதும் கிருபானந்தனின் வயிறு கீழே போக மறுத்தது. பேரின்பநாதனின் முதுகு வளைய மறுத்தது. யோகராணி கணவரின் பனிக்காலக் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டார். சக்கரத்தை ஒருபக்கமாகத் திருப்பிவைத்து, அட்டையில் சரிந்து படுத்து, பின்னால் கையை விட்டுத் திருகாணியைக் கழற்றி, துளையில் குழாயைச் செருகினார். மேலே முதன்மை ஓட்டுநர் சமையலறைப் புனலோடு நின்றார்.

“ஊத்துங்கோ.”

“ஊத்துறன்.”

“மெல்ல, மெல்ல. ரசம் ஊத்துற மாதிரி.”

“வருதோ?”

“இன்னும் இல்லை.”

இரண்டாவது போத்தல் பாதியான பிறகுதான் துளையின் விளிம்பில் தேன்நிறத்தில் ஒரு கோடு எட்டிப் பார்த்து, தயங்கி, வழியத் தொடங்கியது.

“பொங்கிட்டுது” என்றார் யோகராணி கீழேயிருந்து. “நிப்பாட்டுங்கோ.”

கிருபானந்தன் குனிந்தார். “எந்தப் பக்கத்தாலை அக்கா வழியுது? கிழக்கையோ?”

யோகராணிக்கு வந்த சிரிப்பில் தலை காரின் அடியில் முட்டியது. மேலே பேரின்பநாதன் சிரித்துப் புனலைத் தவறவிட்டார். ஒழுக்கு சொட்டாகக் குறையும்வரை காத்திருந்து, திருகாணியை இறுக்கிவிட்டு யோகராணி எழும்பியபோது அவருடைய நெற்றியில் திருநீற்றுக்கு மேலே கறுப்பாக ஒரு குறி இருந்தது. சேலையில் ஒன்றுமில்லை. அதுதான் அவருக்கு முக்கியம்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது. முதலாம் கியர், இரண்டு, மூன்று, பின்னுக்கு. தரிப்பிடத்தை இரண்டு சுற்று வந்தும் ஒரு தட்டல் இல்லை. கியர் வெண்ணெயில் கத்திபோல் விழுந்தது.

டோர்வலில் இரவிச்சந்திரன் தள்ளுவண்டியோடு வெளியே வந்து, தங்கையைக் கட்டிப்பிடித்து அழுது, பிறகு நெற்றியைப் பார்த்தார்.

“இதென்ன மை?”

“வாங்கோ, பேந்து சொல்லுறன்.”

காரடிக்கு வந்ததும் அவர் லண்டன் பழக்கத்தில் இடதுபக்கக் கதவைத் திறந்தார். உள்ளே ஸ்டியரிங் இருந்தது.

“நீங்கள் ஓடப் போறியளோ அண்ணை?”

இரவிச்சந்திரன் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். முதல் விளக்குவரை காலால் தரையை மிதித்து அவரும் பிரேக் பிடித்தார். நெடுஞ்சாலையில் அதை விட்டுவிட்டார். வீடு நெருங்கும்போது அவர் நித்திரை.

காப்புறுதிப் பதிவு இன்னும் மாற்றப்படவில்லை. அந்தச் சனிக்கிழமை யோகராணி கியர்பெட்டிக்கு எண்ணெய் நிரப்பினார், டோர்வலுக்குப் போனார், அண்ணனை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.